அட்டையில் போட்ட பெயர்

ஏப்ரல் பிறந்தால் ஆலனுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். வருடம் முழுவதும் மதுரை சிம்மக்கல் சந்துகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அலைந்து சேர்த்த இசைத்தட்டுகளையெல்லாம் கட்டிலில் பரப்பி, வெயிலுக்கு ஏற்ற பாட்டுகளைத் தனியாகப் பொறுக்கி அடுக்குவார். காலை பத்து மணிக்கு இது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது இது, சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காரும்போது இது என்று பட்டியலே போடுவார். பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருட வேலை, நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு, மகள் பெங்களூரில். வேறு செலவு கிடையாது. நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ரெக்கார்டு வாங்குகிறவன் ரசிகனே இல்லை, வெறும் காசுக்காரன் என்பது அவருடைய கொள்கை.

அவர் மனைவி பாக்கியமேரிக்கு இதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்து நான்கு. அவர் பாட்டுக் கேட்கும் நேரத்தில் அவள் விடைத்தாள் திருத்துவாள். யாராவது கேட்டால், எனக்கும் பாட்டுக்கும் ஆகாது என்று சொல்லிவிடுவாள். மாதா கோவில் பூசையில்கூட வாயை மட்டும் அசைப்பாள், சத்தம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலன் வீடு திரும்ப மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையில் ஐந்து ரெக்கார்டு. விருமாண்டி கடையில் பழைய மிக்ஸிகளுக்கு அடியிலிருந்து உருவினேன், ஒன்று அறுபது ரூபாய்தான், நம் ரெக்கார்டுக் குழுவில் ஒருத்தரிடமும் இது கிடையாது என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். மேரி அடுப்படியில் அயிரை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தில் முள் இறங்கும் கரகரப்பு கேட்டது. டோலக், கூடவே ஒரு கிதார். பிறகு ஒரு பெண் குரல் எழுந்தது.

முதல் வரி முடிவதற்குள் மேரியின் கை நின்றுவிட்டது. யார் குரல் என்று உடனே புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் எங்கே மூச்சு எடுப்பாள், எங்கே இழுப்பாள், எங்கே சட்டென்று விடுவாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. இரண்டாவது வரியில் குரலும் தெரிந்துவிட்டது. மீன் வாடை அடிக்கும் கையோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

ஆலன் அட்டையைக் கையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். ஓரம் பழுத்த அட்டை. வரைந்து வைத்த பனைமரங்களுக்கு முன்னால் இரட்டைச் சடையோடு ஒரு பெண். மேலே ‘வெயில் நேரத்துப் பாட்டுகள்’ என்றும் கீழே ‘பாடியவர்: செல்வி ஆன்சி, பாடலும் இசையும்: ஆசீர்வாதம் மாஸ்டர், 1986’ என்றும் போட்டிருந்தது.

“இது நான் பாடுனது” என்றாள் மேரி.

ஆலன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வெயிலில் தலை சுற்றுகிறதா என்று கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அட்டையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஆன்சின்னு போட்டிருக்கே மேரி.”

“அடுத்த பாட்டு ரெண்டாவது சரணம். ‘கானல் நடக்குது தெருவிலே’ன்னு வரணும். நான் ‘கானல் கடக்குது’ன்னு பாடியிருப்பேன். கேளுங்க.”

 இருவரும் நின்றபடியே கேட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி, முதல் சரணம், குழல், பிறகு இரண்டாவது சரணம். ‘கானல் கடக்குது தெருவிலே’ என்று பதினாறு வயதுக் குரல் கூசாமல் தப்பாகப் பாடியது. ஆலன் அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்த பாட்டைப் பார்த்தார். ‘நடக்குது’ என்றுதான் இருந்தது. முள்ளைத் தூக்கி வைத்தார்.  பிறகு, “இத்தனை வருஷத்துல நீ ஒரு பாட்டு பாடி நான் கேட்டதில்லையே” என்றார்.

ஏதோ அவள் அவருக்குக் குறை வைத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. மேரிக்கு அவரை அறையலாம் போல வந்தது.

நடந்தது இதுதான். எண்பத்தாறில் மேரி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கோவில் பாடற்குழுவில் ஆசீர்வாதம் மாஸ்டர்தான் எல்லாம். அந்த ஏப்ரலில் வெயிலைப் பற்றி எட்டுப் பாட்டுக் கட்டினார். வைகை மணல், நுங்கு, புழுதி, மத்தியானத் தூக்கம் என்று பிள்ளைகள் பாடுகிற மாதிரி எளிமையான பாட்டுகள். ஆறு வாரம் மேரியைப் பாடப் பழக்கினார். மாஸ்டரும் மேரியும் அவள் அப்பாவும் ரயிலேறி மெட்ராஸ் போனார்கள். ஒரே நாளில் எட்டுப் பாட்டும் பதிவானது. கண்ணாடி அறைக்குள் காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு நின்ற அந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவள் பிறகு பதினைந்து நாள் சோறு சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்தாள்.

பதினாறாம் நாள் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கம்பெனிக்காரர்கள் டேப்பைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளையின் குரல் மைக்கில் கீச்சுக் கீச்சென்று கேட்கிறதாம், காது கூசுகிறதாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மாஸ்டர் போன பிறகு, இனிமேல் பாடற்குழுவுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் மேரியிடம் சொன்னார். அதே ஜூனில் மாஸ்டர் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார்.

அதோடு பாட்டு நின்றது. மகள் பிறந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டு ரேடியோவைப் போட்டுவிட்டவள் அவள். வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னால், சாதாரணமாகச் சொல் என்று அதட்டுவாள். முப்பத்தெட்டு வருடம் தன் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நம்பி வாழ்ந்திருக்கிறாள். இப்போது பார்த்தால் அந்தக் கீச்சுக் குரலைத்தான் மாஸ்டரின் மகள் ஆன்சியின் படத்தையும் பெயரையும் போட்டு விற்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னது கம்பெனி இல்லை, மாஸ்டர்.

அன்றைக்கு மீன்குழம்பு வைக்கவில்லை. உரசிய மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, கிணற்றடியில் துவைத்த துணிகளையே மறுபடி எடுத்து அடித்துத் துவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஆலன் வேலைக்குக் கிளம்பியதும் மேரி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிச் சிம்மக்கல் போனாள். விருமாண்டி கடையை விசாரித்துக் கண்டுபிடித்தாள். உடைந்த மின்விசிறிகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு விருமாண்டி உட்கார்ந்திருந்தான். ஆலன் மனைவி, டீச்சர் என்று சொல்லிவிட்டு அந்த அட்டையின் பெயரைச் சொன்னாள். இன்னொன்று கிடக்கும், ஆனால் கீறல் விழுந்தது, நாற்பது கொடுங்கள் என்றான். தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான்.

பக்கத்துக் கடையில் தடித்த கறுப்பு மார்க்கர் ஒன்று வாங்கி வந்தாள். ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி மேல் அட்டையை வைத்து, ‘செல்வி ஆன்சி’ என்பதை மூன்று தடவை அடித்தாள். கரும்பலகையில் எழுதுகிற அதே நேரான எழுத்தில், ‘பாடியது அ. பாக்கியமேரி’ என்று எழுதினாள். ஊதிக் காய வைத்து விருமாண்டியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இதை வித்துருங்க.”

“காசு குடுத்து வாங்கிட்டுத் திரும்பத் தாறீங்களே டீச்சர்?”

“யார் வாங்குனாலும் யார் பாடுனதுன்னு தெரிஞ்சு வாங்கட்டும்.”

விருமாண்டி அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் வேண்டுமென்றால் உசிலம்பட்டியில் சோணைமுத்து என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர், அவரிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று சொல்லி விலாசமும் கொடுத்தான்.

அந்த ஏப்ரலில் மேரி அலைந்த அலைச்சலை ஆலன் தன் வாழ்நாளில் அலைந்திருக்க மாட்டார். திருமங்கலத்தில் ஒரு காயலான் கடை, கீழவாசலில் ஒரு பழைய புத்தகக் கடை, செல்லூரில் பேயாண்டி என்பவர் வீட்டுப் பரண். எங்கே போனாலும் முதலில் விலையைத்தான் குறைத்தாள். தன் குரலைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் பத்து ரூபாய்க்குக்கூட மல்லுக்கு நின்றாள். கிடைத்ததில் எல்லாம் பெயரை அடித்து எழுதினாள். எழுதியதைத் திரும்பக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

உசிலம்பட்டிக்குப் போனது ஒரு சந்தை நாளில். மாடு ஏற்றிய வண்டிகளால் பேருந்து அரை மணி நேரம் நின்று போனது. சோணைமுத்துவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ரெக்கார்டுகளை அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மேரி அட்டையை அடையாளம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வெயில் பிள்ளை பாட்டா? அதப் போடாம சித்திர வைகாசியில ஒரு காதுகுத்து நடந்ததில்ல தாயி. சுத்துப்பட்டு பதினஞ்சு ஊருக்கும் நான்தான செட்டு. மத்தவங்க பாட்டெல்லாம் மத்தியான வெயில்ல கொழாய் ரேடியோவ விட்டு எறங்காது. இந்தப் பிள்ள கொரலு ரெண்டு மைலுக்கு நிக்கும். காட்டுல களை வெட்டுறவுக நிமிந்து பாப்பாக.”

மேரி மெல்லக் கேட்டாள். “கீச்சுன்னு கேக்காதா?”

சோணைமுத்து தன் வீட்டுப் பெண்ணையே யாரோ குறை சொன்ன மாதிரி நிமிர்ந்தார். “எந்தப் பய சொன்னான்?”

அவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள்.  கேட்டு முடித்த பிறகு, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தான் படித்துப் பார்த்ததே இல்லை என்றும், எங்களுக்கு அவள் வெயில் பிள்ளைதான் என்றும் சொன்னார். இரண்டு ரெக்கார்டைத் துடைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெளியே மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடந்தன. இந்தக் காட்டிலெல்லாம் தன் குரல் கேட்டிருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் தான் வாயைப் பூட்டிக்கொண்டு சுண்ணக்கட்டி தேய்த்திருக்கிறோம். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த கை செக்கானூரணி வரும்போது மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, கொண்டுவந்த இரண்டிலும் பெயரை அடித்து எழுதிவிட்டு, ஆலனின் அலமாரியைத் திறந்து அவருடைய பிரதியை எடுத்தாள். அவர் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

“இது வேணாம் மேரி. எம்பத்தாறுல வந்தது, ஒரு மடிப்பு இல்ல. அட்டையில கிறுக்குனா போச்சு.”

“என் பேரு கிறுக்கலா?”

 ஆலன் அட்டையை விடவில்லை. மேரிதான் விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாம் நாள் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. ஆலன் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் மினுங்கியது. மதுரை இசைத்தட்டு நண்பர்கள் என்ற குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்திருந்தது. வருடாவருடம் மே மாதம் அவர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு வெயில் காலப் பாட்டைக் கொண்டுவந்து போட்டு, ஏன் பிடிக்கும் என்று பேசுவார்கள். இந்த வருடம் கூட்டம் வரும் சனிக்கிழமை. சிறப்பு விருந்தினர் என்று போட்டு, பாடகி ஆன்சியின் படம் இருந்தது. வெள்ளை முடி, கண்ணாடி, அதே முகவெட்டு. நண்பர் ஆலன் கண்டெடுத்த அரிய இசைத்தட்டின் குரலுக்குச் சொந்தக்காரர் நம் கோ.புதூரிலேயே இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள்.

ஆலன் துண்டோடு வெளியே வந்ததும் மேரி போனை நீட்டினாள். அவர் முகம் வெளுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போடும் முன்பே அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டதாகவும், பல் டாக்டர் செல்வக்குமார்தான் விசாரித்து அந்த அம்மாவைக் கண்டுபிடித்ததாகவும், பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் திக்கித் திக்கிச் சொன்னார்.

“அது இவ இல்ல, என் பொண்டாட்டின்னு ஒரு வரி எழுத முடியல உங்களுக்கு.”

“அவங்க நம்பணும்ல மேரி.”

“நீங்க நம்புறீங்களா?”

அவர் நம்புவதாகத்தான் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு கணத்தை மேரி மன்னிக்கவே இல்லை.

கோ.புதூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாஸ்டரும் மகளோடு அங்கேதான் இருக்கிறார் என்று விசாரித்தபோதே தெரிந்திருந்தது. கதவைத் திறந்தது ஆன்சிதான். மேரியைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவள் கை கதவிலிருந்து நழுவிய விதத்திலேயே தெரிந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில் ஆசீர்வாதம் மாஸ்டர். எண்பத்தேழு வயது. உடம்பு வற்றியிருந்தாலும் கண் கூர்மையாகத்தான் இருந்தது. மறதி, தடுமாற்றம் என்று ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தாள் மேரி. அப்படி ஒன்றும் இல்லை. அந்தோணி மகளா என்று அவரே கேட்டார்.

மேரி உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ரெக்கார்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அடித்து எழுதியிருந்த பெயரை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

ஏன் என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. அட்டையில் போட ஒரு முகம் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்களாம். அந்த நேரம் ஆன்சிக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது, மாப்பிள்ளை வீடு பெரிய இடம், பெண் ரெக்கார்டில் பாடியவள் என்றால் மதிப்பு. பாட்டு என்னுடையது, மெட்டு என்னுடையது, செலவும் என்னுடையது, பாடச் சொல்லிக் கொடுத்ததும் நான் என்று ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னார்.

“உனக்கு என்ன கொறஞ்சு போச்சு மேரி? டீச்சர் வேலை, குடும்பம், பிள்ளை. நல்லாத்தான இருக்க.”

“பேரை எடுத்தீங்க, சரி. குரல் கீச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “வேற என்ன சொன்னா நீ பாடறத நிறுத்தியிருப்ப? நீ பாடிக்கிட்டே திரிஞ்சா இந்தக் குரல் யாருதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்ல.”

 அந்த நாற்காலியைக் கவிழ்த்துவிடலாம் என்று மேரிக்குத் தோன்றியது. அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றாள். கிழவர் தண்ணீர் கேட்டார். ஆன்சி எடுத்துவரப் போனாள். போகிற வழியில் மேரியைப் பார்க்காமலே, அடுப்படிக்கு வா என்று சைகை காட்டினாள்.

அடுப்படியில் ஆன்சி தாழ்ந்த குரலில் பேசினாள். கல்யாணமான முதல் வாரமே மாமியார் வீட்டில் பாடச் சொன்னார்களாம். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தது, இனிப் பாடக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்று அப்பா ஒரு கதை கட்டிவிட்டார். புருஷன் சாகும்வரை அந்தக் கதைதான். இருமினால்கூட மாமியார் பயந்துபோய்ச் சுக்குக் கஷாயம் வைத்துத் தருவாளாம்.

“எனக்கும் பாட்டுப் பிடிக்கும் மேரி. சுமாராத்தான் பாடுவேன். ஆனா அதுக்கப்புறம் குளிக்கையிலகூட நான் முணுமுணுத்ததில்ல.”

இதைச் சொன்னால் மேரி மனம் இளகும் என்று ஆன்சி நினைத்திருக்கலாம். மேரிக்கு இளகவில்லை. இரண்டு பெண்கள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அந்தக் கிழவர் காற்றாட உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் பொங்கியது.

“சனிக்கிழமை கூட்டத்துல வந்து இதச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா வராதீங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் செம்பு மாஸ்டர் கைக்குப் போவதற்குள் அவர் மடியிலிருந்த ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கே.கே. நகரில், செல்வக்குமார் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருபது இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். ஆலன், தானே பேசிவிடுகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.  ஒவ்வொருவராக ரெக்கார்டு போட்டார்கள். ஒருவர் தன் அம்மா வடகம் காயப்போடும்போது பாடிய பாட்டு என்றார். சுபலட்சுமி என்ற வங்கி மேனேஜர், மழை வராத வருடத்தில் கேட்ட மழைப் பாட்டைத்தான் கோடைப் பாட்டாக வைத்திருக்கிறேன் என்றார். மோர் கொடுத்தார்கள். விருந்தினர் நாற்காலி காலியாகவே இருந்தது. மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஆன்சி வந்தாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். செல்வக்குமார் பொன்னாடை போர்த்தினார். ஆலனின் மடிப்பில்லாத பிரதியிலிருந்து முதல் பாட்டைப் போட்டார்கள். ஆன்சி எழுந்து, ரொம்ப நன்றி என்று சொன்னாள். மேரி காத்திருந்தாள். ஆன்சி கூட்டத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

ஆலன் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் மேரி பிளேயர் பக்கம் போய்விட்டாள். முள்ளைத் தூக்கினாள். 

“இந்த எட்டுப் பாட்டையும் பாடுனது நான். என் பேரு பாக்கியமேரி. ஆலன் வீட்டுக்காரி. பாடுன பதினாறாவது நாள் உன் குரல் உதவாதுன்னு சொல்லிட்டு, அதே குரல வேற பேருல வித்தாங்க. நீங்க கைதட்டுனது எனக்கு.”

வகுப்பில் பேசுகிற குரல்தான். உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.  பிறகு பின்வரிசையில் ஒருவர், தப்பாக நினைக்க வேண்டாம், இரண்டு வரி பாடிக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றார்.

“நான் பரீட்ச எழுத வரல” என்றாள் மேரி.

ஆலன் எழுந்து அந்தத் தப்பான வார்த்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் பாதி சொல்வதற்குள் ஆன்சி தோளில் கிடந்த பொன்னாடையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“அவ சொல்றது நெசம்” என்றாள். “நான் ஒரு வரிகூடப் பாடுனதில்ல. படம் மட்டுந்தான் நான். எனக்கு அப்பவே தெரியும்.”

வந்து பொன்னாடையை மேரியிடம் நீட்டினாள். மேரி கையைக் கட்டிக்கொண்டாள். “அது உங்களுக்குப் போட்டது” என்றாள். ஆன்சி அதை என்ன செய்வதென்று தெரியாமல் மோர்த் தம்ளர்கள் இருந்த மேசையில் வைத்தாள். செல்வக்குமாருக்கு என்ன தோன்றியதோ, இருவரும் சேர்ந்து நின்றால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆன்சி நின்றாள். மேரி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

விஷயம் குழுவிலிருந்து குழுவுக்குப் பரவியது. பத்தே நாளில் விருமாண்டி போன் செய்தான். அந்த ரெக்கார்டுக்கு இப்போது சென்னையிலிருந்தெல்லாம் ஆள் கேட்கிறார்கள், டீச்சர் கையால் பெயர் எழுதியது என்றால் மூவாயிரம் தருகிறார்கள், சும்மா இருப்பது நாலைந்து கிடைத்திருக்கிறது, வந்து எழுதிக் கொடுத்தால் பாதிக்குப் பாதி என்றான். மேரி போனை வைத்துவிட்டாள். மலிவாகக் கிடந்தபோது யாருக்கும் அவள் பெயர் வேண்டியிருக்கவில்லை, இப்போது அவளுடைய ஆத்திரத்துக்கு விலை போட்டு விற்கிறார்கள் என்று நாள் முழுவதும் பொருமினாள்.

மாஸ்டர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆன்சி இரண்டு முறை போன் செய்தாள். மேரி எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. ஒரு மத்தியானம் ஆலன் இல்லாத நேரம், ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் நின்று பாடிப் பார்த்தாள். கானல் பாட்டுத்தான். முப்பது வருடம் வகுப்பில் கத்திய தொண்டை. முதல் வரியிலேயே கரகரத்தது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. அந்த ரெக்கார்டுப் பெண் எங்கேயோ போய்விட்டாள். இருக்கும்போது பாட விடவில்லை, இனிப் பாடினாலும் அவள் வரமாட்டாள். மேரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, சுருதியைக் கீழே இறக்கி, முதலிலிருந்து தொடங்கினாள். உடைந்த இடத்தில் மறுபடி உடைந்தது. மறுபடி தொடங்கினாள். பக்கத்து வீட்டில் குக்கர் அடங்குகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இன்னும் உரக்கப் பாடினாள்.

மூன்றாவது தடவை சரணத்துக்கு வந்தபோது ஜன்னல் வழியே ஆலன் தெரிந்தார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருப்பார் போல. கையில் பையோடு கேட்டுக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கேட்டைத் திறந்தால் கிரீச்சிடும், அவள் நிறுத்திவிடுவாள் என்று அங்கேயே நிற்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அந்தப் பாட்டு முடிந்தது. அவர் கேட்டின் மேல் கை வைத்தார். மேரி அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி வெயிலில் நின்றார். அந்தப் பாட்டில் ஐந்து சரணம்.